நூற்றெட்டுத் தேங்காயும் எங்கள் புறோக்கியூரரும்

இருநூற்றுப் பதினான்கு யூரோ அறுபது சதம். பெர்னாருடைய மின்சார சைக்கிளின் முன்விளக்கு, கைபிடியில் இருக்கும் சின்னத் திரை, மாற்றிப் பூட்டிய கூலி எல்லாம் சேர்த்துக் கடைக்காரன் எழுதிக் கொடுத்த தொகை அது. அந்த பில்லைப் பெர்னார் எங்கள் தெருச் சங்கத்தில் கொண்டுவந்து கொடுத்தார். சைக்கிளை உடைத்தது தேர்த்திருவிழாவில் உடைந்த ஒரு தேங்காய். அதை எறிந்தவன் நான்.

பெர்னார் ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் சாரதாதேவி அக்காவின் பலசரக்குக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிறார். பொலிசுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "உங்களுக்கென்று ஒரு புறோக்கியூரர் இருக்கிறாராமே, அவரே பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

உண்மைதான், இருக்கிறார். பிரான்சில் குற்றம் சாட்டும் அந்த உத்தியோகத்துக்கு ஆளை அரசாங்கம் நியமிக்கிறது. எங்கள் சங்கத்தில் கையை உயர்த்தித் தெரிவு செய்கிறோம். யூன் மாதத் தெரிவில் இருபத்துமூன்றுக்கு இருபத்தொன்று என்று கரிகாலன் வென்றான். தோற்றவர் பயண முகவர் கடை இராஜேந்திரன். கரிகாலன் எட்டு வருடமாக ஒரு நீதிமன்ற வாசலில் நின்று பைகளை மெசினுக்குள் விட்டுப் பார்க்கிறவன். உள்ளே நடக்கிற வழக்கு அவனுக்குக் கேட்காது. ஆனாலும் அந்தக் கட்டிடத்துக் காற்றைக் குடித்தவன் என்று சனம் நம்பியது.

வென்ற கிழமையே தன்னுடைய முன்னுரிமைகளை அச்சடித்து எல்லாக் கடைக் கண்ணாடியிலும் ஒட்டினான். மற்றவர்கள் தலைப்பையும் அவனுடைய படத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் எழுத்துப் பழகியது நாற்பது வயதுக்குப் பிறகு. தாவித் தாவி வாசிக்க எனக்கு வராது, ஒவ்வொரு சொல்லாகத்தான் போவேன். ஒரு தாளைக் கேட்டு வாங்கி, கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி, நான் இருக்கும் வில்லியே லே பெல் வருமட்டும் முழுக்க வாசித்து முடித்தேன்.

முதலாவது, தெருப் பாதுகாப்பு. ஓடு, சிரட்டை, வாழைப்பழத்தோல் எதுவும் நடைபாதையில் கிடக்கக்கூடாது. இரண்டாவது, எந்த வழக்கும் பதினான்கு நாளுக்குள் முடியவேண்டும். மூன்றாவது இப்படி இருந்தது: "சேதம் செய்தவர் மட்டுமல்ல, தன் பொருட்டு அதைச் செய்வித்தவரும் பொறுப்பாளி. செய்வித்தவரே முதலில் கட்ட வேண்டும்." இது இராஜேந்திரனுக்காக எழுதியது என்று தெருவுக்கே தெரியும். அவருடைய வாகனம் பாதையை மறித்து நிற்கும். கேட்டால், "சாரதியைக் கேளுங்கோ" என்பார்.

தேருக்கு ஒரு கிழமை முன்னம் நான் வேலை செய்யும் உணவகத்தின் பின்கதவடிக்குக் கரிகாலன் வந்தான். நான் அங்கே பன்னிரண்டு வருடமாகக் கோப்பை கழுவுகிறேன். இரும்புச் சட்டிகளைத் தூக்கித் தூக்கிக் கை உரம் ஏறிவிட்டது. கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டுத் தேங்காய் உடைக்க ஏலாதவர்கள் வருடா வருடம் என்னிடம்தான் வருவார்கள். இந்த வருடம் இராஜேந்திரன் ஐம்பத்தொன்று சொல்லியிருந்தார்.

"அரியண்ணை, ஒரு அலுவல். ஆருக்கும் சொல்லக்கூடாது."

"குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில நிண்டு கதைக்கேக்கையே விளங்குது. சொல்லு."

"வெண்டால் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன் எண்டு வைச்சிட்டன்."

"வெண்டிட்டாய் தானே. உடை."

"தோள்மூட்டு ஏலாதண்ணை. அண்டைக்கு நான் தொண்டர் பட்டி கட்டிக்கொண்டு சனத்தை விலத்தவும் வேணும். இராஜேந்திரன் அறிஞ்சாரெண்டால், இவன் வாக்கால வெல்லேல்லை, தேங்காயால வெண்டவன் எண்டு சொல்லித் திரிவார்."

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். "இரண்டு வாக்குத்தானே கூட. ஒரு வாக்குக்கு அம்பத்திநாலு தேங்காய் விழுந்திருக்கு."

"பகிடி விடாதையுங்கோ. இருபது யூரோ தாறன். என்ர பேர் உங்கட வாயால வரக்கூடாது."

"வராது" என்றேன். இருபதையும் வாங்கிக்கொண்டேன்.

தேரன்று தெருவில் தேங்காய் மலைபோல் குவிந்து கிடந்தது. இராஜேந்திரனுடையது பெட்டிகளில் வந்தது, முதலில் அதை முடித்தேன். பிறகு கரிகாலனுடையது. அதில் எழுபதோ எண்பதோ உடைத்திருப்பேன், ஒரு பாதி நிலத்தில் பட்டுத் தெறித்துக் கம்பத்தில் கட்டியிருந்த சைக்கிளில் போய் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் பட்டியோடு கரிகாலன் விசில் ஊதிக்கொண்டு, "நிக்காமல் நடவுங்கோ, பாதுகாப்பு முக்கியம்" என்று சனத்தை நகர்த்திக்கொண்டிருந்தான். மிச்சத்தையும் உடைத்து முடித்தேன்.

தேர் முடிந்து பன்னிரண்டாம் நாள் எனக்கு அழைப்பு வந்தது. "எதிரி: அரியரத்தினம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எங்கள் ஊர் வழக்கில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்தான். ஆனாலும் வாசிக்க மனம் சுட்டது. அந்த மாதம் வாடகை போக என்னிடம் நூற்று முப்பது யூரோ மிச்சம். இருநூற்றுப் பதினான்கு என்பது எனக்கு மூன்று நாள் சம்பளம். பேரைச் சொன்னால் தப்பலாம். சொல்லமாட்டேன் என்று கூலியும் வாங்கியாயிற்று.

கூட்டம் மறுநாள், சாரதாதேவி அக்காவின் கடைப் பின்னறையில். அவதான் சங்கத் தலைவி. அரிசி மூட்டைகளில் சனம் இருந்தது. கரிகாலன் கறுப்பு மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நின்றான். உள்ளே நல்ல புழுக்கம்.

பெர்னார் வருடா வருடம் சன்னலிலிருந்து தேரைப் படம் பிடிப்பார். அதைத் தொலைபேசியில் காட்டினார். நான் எறிகிறேன், தேங்காய் தெறிக்கிறது, சைக்கிள் சாய்கிறது.

"இது உமது கைதானே?" கரிகாலன் கேட்டான். அன்றைக்கு அண்ணை போய் 'உமது' வந்திருந்தது.

"ஓம். என்ர கைதான்."

"குற்றத்தை ஒப்புக்கொண்டார். முழுத் தொகையும் இவர் கட்ட வேணும் எண்டு கேக்கிறன்."

"கட்டுறன் தம்பி. அதுக்கு முன்னம் உன்ர மூண்டாவது முன்னுரிமையை ஒருக்கா வாசி."

"எது மூண்டாவது?" என்றார் சாரதாதேவி அக்கா. அவவுடைய கடைக் கண்ணாடியில்தான் அது மூன்று மாதமாக ஒட்டியிருந்தது.

கரிகாலனுக்கு முகம் மலர்ந்தது. அவனுடைய கண் நேரே இராஜேந்திரனிடம் போனது. தொண்டையைச் செருமிக்கொண்டு பாடமாகவே சொன்னான். "செய்வித்தவரே முதலில் கட்ட வேண்டும். நல்ல கேள்வி கேட்டார் எதிரி. கூலிக்கு உடைச்ச ஏழையை நான் விட்டிட்டன். நேர்த்தி வைச்ச பெரிய மனுசர் எழும்பலாம்."

இராஜேந்திரன் எழும்பினார். "என்ரது அம்பத்தொண்டும் பெட்டியில வந்தது. படத்தை இன்னொருக்காப் போடச் சொல்லுங்கோ."

பெர்னார் மறுபடி போட்டார். சாரதாதேவி அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். என் காலடியில் பெட்டி இல்லை. செம்மஞ்சள் வலைப்பைகள் கிடந்தன.

"உது என்ர வெங்காய வலை" என்றார் அக்கா. "அண்டைக்குப் பெட்டி முடிஞ்சு போச்சு. நூற்றெட்டுத் தேங்காய் எடுத்த ஆளுக்கு வலையில போட்டுக் குடுத்தனான். நூற்றெட்டு எடுத்தது ஒரே ஒரு ஆள்."

"ஆர் அக்கா?" என்றார் இராஜேந்திரன்.

"அதை நான் என்னத்துக்குச் சொல்லுவான். கேக்க வேண்டிய ஆள் உதில நிக்கிறார்."

கரிகாலன் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினான்.

"அரியம், நீர் சொல்லும்" என்று இராஜேந்திரன் என்னைப் பிடித்தார்.

"என்னால ஏலாது. சொல்லமாட்டன் எண்டு தம்பிக்கு வாக்குக் குடுத்திட்டன்."

'தம்பி' வாயை விட்டுப் போன பிறகுதான் விளங்கியது. சனம் அரிசி மூட்டையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தது. பெர்னாருக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள். அவர் கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

கரிகாலன் ஐந்து நிமிடம் ஒத்திவைப்புக் கேட்டான். பருப்பு அடுக்கின் பின்னால் போய் நின்றான். திரும்பி வந்தபோது கோட்டை மறுபடி கழுத்துவரை பூட்டியிருந்தான்.

"கரிகாலன் எண்டு ஒருத்தர்" என்று தொடங்கினான், "தெரிவில வெல்லுறதுக்காக நேர்த்தி வைச்சு, இன்னொருத்தரைக் கொண்டு உடைப்பிச்சிருக்கிறார். அவர் மேல குற்றம் சாட்டுறன்."

"ஆகக் கூடின தண்டனை குடுக்க வேணும்" என்றார் இராஜேந்திரன்.

"அவருக்கு முன்குற்றம் ஒண்டும் இல்லை. நல்ல பழக்கமான ஆள். தவணையில கட்ட விடலாம் எண்டு நினைக்கிறன்."

பெர்னார் கையை உயர்த்தினார். தனக்கு எழுபத்துநான்கு வயது, தவணை சரிவராது என்றார். அதோடு, தேர்தல் செலவை மறைப்பது தங்கள் நாட்டில் தனிக் குற்றம், தேங்காய்க்கு அந்தச் சட்டம் உண்டோ தெரியாது என்றும் சொன்னார். இராஜேந்திரன் உடனே கொப்பி எடுத்து எழுதினார்.

"ஒரு நாளைக்கு ஒரு வழக்குக் காணும்" என்று சாரதாதேவி அக்கா முடித்துவிட்டார்.

கரிகாலன் கல்லாவடிக்குப் போய் வங்கி அட்டையைக் கொடுத்தான். அக்கா இருநூற்றுப் பதினைந்து யூரோவைப் பெர்னாரிடம் எண்ணிக் கொடுத்தார். இருபது யூரோத் தாள் பத்து, ஒரு பத்து, ஒரு ஐந்து. பெர்னார் பில்லின் பின்பக்கத்தில் 'முழுத் தொகையும் கிடைத்தது' என்று எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தார்.

கரிகாலன் அதை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தான். "இரண்டாவது முன்னுரிமையைக் கவனியுங்கோ. பதினாலு நாளுக்குள்ள வழக்கு முடிஞ்சுது. செய்வித்தவர் பிடிபட்டார். கடன் தீர்ந்தது." கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பெர்னார் சட்டைப்பையில் துழாவி மிச்சம் நாற்பது சதத்தை நீட்டினார். கரிகாலன் வேண்டாம் என்று சொல்லப் போனான், பிறகு வாங்கிக்கொண்டான்.