முகமூடி சொன்ன சேதி

எங்கள் ஊரில் குளிர்காலத்தை விரட்டும் ஊர்வலத்தன்று, மரமுகமூடி போட்டவன் யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி கிழிக்கலாம். குரலை மாற்றிக்கொண்டுதான் பேச வேண்டும். கேட்கிறவர் கோபப்படக் கூடாது. ஆள் யாரென்று தெரிந்தாலும் பெயரைச் சொல்லக் கூடாது.

எனக்குத்தான் ஏற்கெனவே கோபம் தலைக்கேறியிருந்ததே! கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து என் கணவர் ஆல்பன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல ரோஸ்வித்தா" என்பார். இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இதுதான் பதிலா? நான் அவருக்கு அலுத்துப்போய்விட்டேன் என்று நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

ரொட்டிக்கடை வாசலில் நின்றேன். உடம்பெல்லாம் மணி கட்டிய கூட்டம் காது கிழிய வந்தது. அதிலிருந்து ஒரு முகமூடி விலகி வந்து, என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டது.

"ஏய் குண்டச்சி! உன் வீட்டுக்காரன் எப்படி இருக்கான்?" என்று கீச்சுக்குரலில் கேட்டது.

இத்தனை வருஷம் பக்கத்திலேயே பார்த்த அந்த நடை எனக்குத் தெரியாதா? "மரக்கட்டை மாதிரி இருக்கான். நான் அலுத்துட்டேன் போல" என்றேன்.

"அட மக்குப் பொம்பளை! கிறிஸ்துமஸ்லேர்ந்தே அவனுக்கு மறதி. போன வாரம் கடையிலேர்ந்து வீட்டுக்கு வர வழி தெரியாம அழுதுக்கிட்டு நின்னான். உன்கிட்ட சொல்லப் பயம். ஒருநாள் உன் பேரும் மறந்துடுமோன்னு..." கீச்சுக்குரல் உடைந்தது.

பெயர் சொல்லிக் கத்த வாயெடுத்தேன். பல்லைக் கடித்து அடக்கினேன்.

"பயந்தாங்கொள்ளி! அவன் மறந்தா நான் சொல்றேன்னு போய்ச் சொல்லு."

முகமூடி தலையாட்டியது. தொப்பியைத் திருப்பிக் கொடுத்தது. அதற்குள் கூட்டம் வலப்பக்கம் சந்தைத் தெருவில் திரும்பிவிட்டது. முகமூடி இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்துவிட்டு இடப்பக்கம் நடந்தது. சின்ன வயதிலிருந்து அவர் ஆடிப்போகும் ஊர்வலம் அது.

பாவி மனுஷன்! ஓடிப்போய்க் கையைக் கோத்துக்கொண்டு, ஊர்வலத்துக்குள் இழுத்துப்போனேன்.

"அக்கா, முகமூடி இல்லாம உள்ள வரக் கூடாது!" என்று காவலுக்கு நின்ற வின்ஃப்ரீட் கத்தினான்.

"என் மூஞ்சியப் பாத்தாலே குளிர்காலம் ஓடிடும். வழிய விடுடா!"

அவன் சிரித்துக்கொண்டே விலகினான். அழுகையும் சிரிப்புமாக அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"இப்ப எந்தப் பக்கம்?" என்று ஆல்பன் மெதுவாகக் கேட்டார்.

"வலது பக்கம்."

அடுத்த முனையிலும் கேட்டார். சொன்னேன்.