சக்கரபாணி பூட்டிய ஏணி

முத்தியால்பேட்டையில் வந்து சக்கரபாணி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. போலீஸ்காரம்மா வீட்டுக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், இஸ்திரி வண்டிக்காரர்கூட வேலையை விட்டுவிட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார். இதில் சக்கரபாணிக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை. செல்வாம்பாள் தலைமைக் காவலராக இருந்த காலத்தில் மாசிமகக் கூட்டத்தை வெறும் பார்வையாலேயே கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியதைக் கண்ணாரக் கண்டவர் அவர். அவளுக்குப் புருஷனாக இருப்பதுதான் முதல் உத்தியோகம், கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர் வேலை இரண்டாவது என்று நினைத்தே பணிக்காலத்தை ஓட்டிவிட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மனிதருக்குத் தலைகுனிவு. கைவேலை வராது. மகள் சரிதாவைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில்தான் சமையலறைச் சுவரில் ஒரு பலகை அடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கேசரியில் கை வைத்த நேரம் பார்த்து, அந்தப் பலகை ஊறுகாய் ஜாடிகளோடு கீழே வந்தது. கல்யாணம் ஒன்றும் நின்றுபோகவில்லை. ஆனால் மாப்பிள்ளை விஜய் அதை இன்றுவரை மறக்கவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் கையில் யாரும் சுத்தியல் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை.

செல்வாம்பாளுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆனது போன வருஷம். புண் ஆறி, கைத்தடியோடு நடமாடவும் ஆரம்பித்துவிட்டாள். கதிர்காமம் ஆஸ்பத்திரி டாக்டர், தினமும் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் நடந்தால் கால் சீக்கிரம் பலப்படும் என்றார். சரி என்று ஒரு ஓட்டலின் நீச்சல் குளத்துக்குப் போனார்கள். அங்கே இரண்டு பணியாட்கள், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு பெண் செல்போனில் படமும் எடுத்தாள். ஆட்டோவில் திரும்பும்போது செல்வாம்பாள், இனிமேல் தன்னை எவனாவது தூக்கினால் அவன் கை அவனுக்கு இல்லை என்றாள். அதோடு தண்ணீருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள். கால் தேறுவது அப்படியே நின்றுபோனது. கட்டிலுக்கும் கூடத்துக்குமாக அவள் காலை இழுத்து நடப்பதைப் பார்க்கச் சக்கரபாணிக்குச் சோறு இறங்கவில்லை.

விஜய் கெட்டவன் இல்லை. கார் ஷோரூமில் மேனேஜர், கொஞ்சம் அவசரக்காரன், அவ்வளவுதான். மாமியாருக்காகத் தரைமேலேயே நிற்கிற ஒரு பூல் வாங்கிவந்து தோட்டத்தில் நிறுத்திவிட்டான். இரும்புக் குழாய்ச் சட்டம், அதில் மாட்டிய கெட்டித் தார்ப்பாய், நெஞ்சளவு உயரம். பெரிய தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தொட்டி வந்துவிட்டது. உள்ளே எப்படிப் போவது? அதற்கான ஏணி ஓர் அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாகக் கிடந்தது.

அதைப் பூட்ட யாருக்குப் பொறுமை, வெல்டிங் பட்டறை முருகையனைக் கூப்பிட்டு, இரும்பில் ஒரு ஏணி அடித்துத் தொட்டியின் சட்டத்தோடு பற்றவைத்துவிடலாம் என்றான் விஜய். அதுவும் சரிப்படாவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தையை உட்காரவைத்து, தெருப் பையன்கள் நாலு பேரை விட்டுத் தூக்கி இறக்கிவிடலாம். அவன் நல்லதற்குத்தான் சொன்னான். செல்வாம்பாள் முகம் சிவந்துபோனது அவனுக்குத் தெரியவில்லை, சக்கரபாணிக்குத் தெரிந்தது.

"நான் பூட்டுறேன்," என்றார் அவர்.

எல்லோருக்கும் ஊறுகாய் ஜாடி ஞாபகம் வந்திருக்க வேண்டும். சரிதா மெல்ல அப்பா என்று இழுத்தாள். செல்வாம்பாள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள், ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்தவர்களைப் பார்ப்பாளே, அதே பார்வை.

"அவரே பூட்டட்டும். ஏறப்போறது நான்தானே," என்றாள்.

அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கமில்லை. பயம் பாதி, பெருமை பாதி. ஏறுகிறவள் அவள். ஏணி ஆடிவிட்டால் அவள் இன்னொரு தடவை தண்ணீர்ப் பக்கம் திரும்ப மாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் தோட்டத்தில் பாயை விரித்து, கால்கள், படிகள், கைப்பிடிகள், போல்ட்டுகள் என்று வகைவகையாகப் பரப்பினார். பெட்டியில் இருந்த படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். முதல் தப்பு உடனே நடந்தது. கீழ்ப்படியின் போல்ட்டை வீராவேசமாக முறுக்கிவிட்டார். மேலே போகப் போக ஓட்டைகள் ஒன்றோடொன்று பொருந்த மறுத்தன. கடைசிப் படி உள்ளேயே போகவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, முதலில் எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் மாட்டி, சட்டம் நேராக நின்ற பிறகு வரிசையாக ஸ்பானர் போட்டபோதுதான் ஏணி அவர் பேச்சைக் கேட்டது. இந்தப் பக்கம் ஏற ஒரு பாதி, அந்தப் பக்கம் தண்ணீருக்குள் இறங்க ஒரு பாதி, நடுவில் நிற்பதற்கு ஒரு சின்ன மேடை. அப்படியே நிமிர்ந்து நின்றது.

உள்பாதியைத் தண்ணீரில் விட்டால் அது மிதக்கிறது! கால்கள் உள்ளே வெறும் கூடு. மணல் போட்டு நிரப்பினால்தான் அடியில் உட்காரும் என்று படத்தில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் கடற்கரை, மணலுக்கா பஞ்சம் என்றான் விஜய். உப்பு மணல் போல்ட்டை அரித்துவிடும் என்று சக்கரபாணி கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஆற்றுமணல் கேட்டு வாங்கி, அலசி, காயவைத்து நிரப்பினார். தொட்டியின் அடித் தார்ப்பாய் கிழியாமல் கால்களுக்கு ரப்பர் குல்லா மாட்டினார். வெளிப்பாதி நிற்கிற இடத்தில் சிமெண்ட் பலகை பதித்து, நீர்க்குமிழி ஓடுகிற ரசமட்டம் வைத்துப் பார்த்து, சரியில்லை என்று பெயர்த்து, மறுபடியும் பதித்தார். ஏணி எந்த இடத்திலும் தொட்டிமேல் சாயாமல் தன் காலிலேயே நின்றது. அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

அப்புறம் ஏறிப் பார்த்தார். அவர் எடையை ஏணி தாங்கியது ஒரு சேதியே அல்ல, மனிதர் காற்றடித்தால் பறக்கிற ரகம். செல்வாம்பாள் அப்படி இல்லை. அதனால் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார், நின்றார், குலுக்கிப் பார்த்தார். ஏணி அசையவில்லை. பொழுது சாய்ந்ததும் வெளிப்பாதியை மேடையின் கொக்கியிலிருந்து கழற்றி, சுவரில் எட்டாத உயரத்தில் மாட்டிவைத்தார். வீட்டுக்கு வந்துபோகிற பேத்தி அபிக்கு ஏணி என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், ஆளைத் தண்ணீரில்தான் தேட வேண்டும்.

இதையெல்லாம் செல்வாம்பாள் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு சொல் கிடையாது. சந்தேகப்படுகிறாள் என்று நினைத்து அவர் இன்னொரு சுற்று ஸ்பானர் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். காலையில் வெளிப்பாதியை மாட்டி, ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் குளிக்கப் போனார். சரிதா அதன் கால்களுக்குக் கதம்பம் சுற்றி அழகு பண்ணியிருந்தாள். திரும்பி வருவதற்குள் தோட்டம் நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆரோக்கியம் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேரே வந்து, பட்டுப்புடவையோடு முன்வரிசையில் நின்றாள். வெல்டிங் முருகையன்கூட வந்திருந்தான், வேடிக்கை பார்க்க என்று சொல்லிக்கொண்டு. விஜய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ஓரமாகப் போட்டுவைத்திருந்தான்.

செல்வாம்பாள் சுடிதாரில் வந்தாள். கைத்தடியைச் சுவரில் சாத்தினாள். வலது காலை எடுத்து வைத்து ஏறச் சொன்னாள் ஆரோக்கியம். ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது ஆபரேஷன் கால் என்று கதிர்காமத்தில் சொல்லித்தந்திருந்ததைச் சக்கரபாணி ஞாபகப்படுத்தினார். அவள் கைப்பிடிகளைப் பற்றி, இடது காலை முதல் படியில் வைத்து, முழு பாரத்தையும் ஏற்றினாள்.

ஏணி தடக்கென்று ஒரு பக்கம் இறங்கியது.

அவள் கைப்பிடியை விடவில்லை. சக்கரபாணி பாய்ந்து முழங்கையைப் பிடித்தார். அவள் மெதுவாகத் தரையில் கால் வைத்தாள். கூட்டம் உச்சுக் கொட்டியது. அந்த உச்சுதான் அவரைக் கொன்றது. விஜய் வருத்தத்தோடுதான் சொன்னான், ஆனாலும் சொல்லிவிட்டான். "நான் அப்பவே சொன்னேன் மாமா. நீங்க உக்காருங்க அத்தை." நாற்காலி முன்னால் வந்தது.

சக்கரபாணி கண்ணுக்குள் பலகையும் ஜாடிகளும் சரிந்தன. தன் கை இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போது தோளில் அரிசி மூட்டையின் கனம் ஞாபகம் வந்தது. அந்தக் கனத்துக்கு அசையாத ஏணி இது. காலையில் தொட்ட ஒரு போல்ட்டும் தளர்ந்திருக்கவில்லை. அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கைவேலைமேல் கோபம் வரவில்லை, ஜனங்கள்மேல் வந்தது.

"நாற்காலிய எடுங்க மாப்ள. ஏணி மேல தப்பு இல்ல," என்றார். குரல் ஓங்கியே வந்தது.

முட்டி போட்டு உட்கார்ந்து கதம்பத்தை விலக்கினார். வலப்பக்கக் காலுக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிச் சாறு விட்டுக் கிடந்தது. இடப்பக்கக் காலுக்கு அடியில் இன்னொன்று, இன்னும் நசுங்காமல், குங்குமப் பொட்டோடு. புது வண்டிக்குச் சக்கரத்தடியில் வைப்பார்களே, அதே மாதிரி. பழத்தின்மேல் ஏணி நின்றிருக்கிறது. பாரம் ஏறியதும் ஒரு பழம் முந்திக்கொண்டு நசுங்கிவிட்டது.

யார் வேலை இது என்று கேட்டார். பூ மட்டும்தான் தன்னுடையது என்றாள் சரிதா. தான் இப்போதுதான் கோயிலிலிருந்து வருவதாக ஆரோக்கியம் கையை விரித்தாள். எத்தனையோ திருடர்களை ஒப்புக்கொள்ள வைத்த செல்வாம்பாள், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் வச்சேன்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. குனிய முடியாத கால். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் ஏணியைத் தூக்கி, கைத்தடியால் பழத்தை உருட்டித் தள்ளியிருந்தால்தான் உண்டு. அவர் குளிக்கப் போன நேரத்தில் இவள் இத்தனை பாடு பட்டிருக்கிறாள்.

"எதுக்கும்மா?"

"நீங்க உங்க கையால செஞ்சது. தெருவே பாக்க வருது. எல்லார் கண்ணும் ஒரே மாதிரி இருக்குமா?" அவள் விஜயைப் பார்த்தாள், முருகையனைப் பார்த்தாள், கடைசியில்தான் புருஷனைப் பார்த்தாள். "ஜன்னல்ல நின்னு ஒரு வாரமா பாத்துட்டுதான் இருந்தேன். கண்ணு பட்டுறப் போவுதேன்னு வச்சேன்."

முப்பது வருஷத்துக்கு மேலாக அவளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தவர் சக்கரபாணி. அவளும் தன்னைப் பார்த்துப் பூரிப்பாள் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை. ஏணியைத் தூக்கிப் பழங்களை எடுத்தார். சிமெண்ட் பலகையைச் சாறு போகக் கழுவி, துணியால் துடைத்து, ஏணியை மறுபடி கொக்கியில் மாட்டி, ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. விஜயும் குனிந்து அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தானாகவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தான்.

செல்வாம்பாள் மறுபடி ஏறினாள். ஏணி அசையவில்லை. மேடைமேல் நின்று ஒரு மூச்சு விட்டாள். பழக்கதோஷத்தில், கோயில் குளத்தில் இறங்குவதுபோல நேராகவே காலை நீட்டப்போனாள். ஏணியைப் பார்த்தபடி திரும்பி இறங்கச் சொன்னார் அவர். ஊருக்கே உத்தரவு போட்டவள் மறுபேச்சு இல்லாமல் திரும்பினாள். இறங்கும்போது வலது கால் முதலில் போனது. கால் தரையைத் தொட்டதும் கைப்பிடியை விட்டு, தண்ணீருக்குள் தனியாக நின்றாள். பிறகு நடந்தாள். இழுக்காமல், விந்தாமல், அந்தக் காலத்தில் கடற்கரைச் சாலையில் ரோந்து போன அதே நடை.

ஆரோக்கியம் ஆசையோடு ஏணியைத் தடவிப் பார்த்து, எந்தக் கம்பெனி ஆள் வந்து மாட்டினது அக்கா என்று கேட்டாள். தெரிந்தேதான் கேட்டாள், அவள் அப்படித்தான்.

"சக்கரபாணி," என்றாள் செல்வாம்பாள், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி. அவள் அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதை அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

மேடைமேல் ஏறி வந்து நின்ற அவர் கையில் அந்த நசுங்காத பழம் இன்னும் இருப்பதை அவள் பார்த்தாள். "வீணாக்காதீங்க. ஏணிக்குச் சுத்தி முச்சந்தியில போட்டுட்டு வாங்க," என்று உத்தரவு போட்டாள்.

அவர் குனிந்து, தண்ணீரில் நிற்கிற அவள் முகத்துக்கு எதிரே பழத்தைப் பிடித்து, மூன்று முறை அவளுக்குச் சுற்றினார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று இருந்தது அவருக்கு.