உம்மாவுக்குப் பக்கத்துக் குழி

மஸ்தான் பாய் குழிக்குள்ளிருந்து ஒரு பிடி மண்ணை மேலே நீட்டினார்.

"மோந்து பாரு தம்பி."

நியாஸ் குனிந்து வாங்கினான். ஈர மண். முகத்தருகே கொண்டுபோவதற்குள் மூக்கில் ஏறிவிட்டது. பங்க்கில் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது வருகிற அதே வாடை.

"யார்னா வண்டில இருந்து ஊத்திட்டாங்களா பாய்?"

"இடுப்பளவு ஆழத்துல எவன் வந்து ஊத்துவான்? மேல் மண்ணுல ஒண்ணும் இல்ல. கீழ போவப் போவத்தான் வருது."

அன்று விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு ஒளுச் செய்ய, கை கால் கழுவிக்கொண்டிருந்த அவன் வாப்பா அப்துல் ரவூப் அப்படியே சரிந்துவிட்டார். சத்தம் கேட்டு மகன் நியாஸ் ஓடிவந்து தலையை மடியில் எடுத்து வைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பொன்னேரி பஜாரில் தார்ப்பாயும் நைலான் கயிறும் விற்றவர். நோய் என்று கடையை மூடியதில்லை. முதல் நாள்கூட ஆரணியிலிருந்து வந்த ஒருவரோடு கயிற்றின் தடிமனைப் பற்றி உரக்க வாதாடிக்கொண்டிருந்தார். நியாஸுக்கு இன்னும் அழுகை வரவில்லை. யாராவது ஏதாவது வேலை சொன்னால் அதைச் செய்தான். குழி வெட்டுகிற இடத்தில் போய் நில் என்றார்கள், வந்து நின்றான்.

இடம் முன்பே தீர்மானமானதுதான். கபருஸ்தானின் கிழக்குச் சுவரோரம், நியாஸின் உம்மா பீவி ஜானின் கபருக்கு அடுத்தது. அவள் மௌத்தான நாளிலிருந்து வாப்பா, பார்க்கும்போதெல்லாம் பள்ளிவாசல் முத்தவல்லியிடம், "அந்த எடத்த யாருக்கும் குட்த்துறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மஸ்தான் பாய் மேலே ஏறி மண்குவியலில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கை மடியைத் துழாவி ஒரு பீடியை எடுத்தது. தீப்பெட்டியை எடுத்தது. நியாஸ் எப்படி அந்தப் பக்கம் தாவினான் என்று அவனுக்கே தெரியாது. தீப்பெட்டி அவன் கைக்குள் நசுங்கியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் குழியைப் பார்த்தார்கள். அடியில் தண்ணீர் ஊறியிருந்தது. அதன் மேல் நீலமும் ரோஸும் கலந்த ஒரு ஏடு மெல்ல அகன்றுகொண்டிருந்தது.

"யா அல்லாஹ்" என்றார் மஸ்தான் பாய்.

சுவருக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் மஞ்சள் கம்பம் ஒன்று நின்றது. கீழே எண்ணெய்க் குழாய் போகிறது, தோண்டாதீர்கள் என்று எழுதி ஒரு நம்பரும் போட்டிருந்தது. நியாஸ் ரோட்டுக்குப் போய் அங்கிருந்து போன் செய்தான்.

ஜீப்பில் வந்த என்ஜினியர் அன்புசெல்வனுக்கு நியாஸின் வயதுதான் இருக்கும். இறங்கும்போதே, "கன்ட்ரோல் ரூம்ல கேட்டுட்டேன் சார். லைன்ல ஒரு ப்ராப்ளமும் இல்ல, எல்லாம் நார்மல்" என்றான். குழியருகே வந்தான். கையிலிருந்த, எண்ணெய் ஆவியைக் காட்டுகிற கருவி வீல் வீலென்று கத்தத் தொடங்கியது.

"எல்லாரும் வெளிய போங்க. போனை ஆஃப் பண்ணுங்க. வண்டி எதையும் ஸ்டார்ட் பண்ணாதீங்க."

"நார்மல்னு சொன்னீங்களே?" என்றான் நியாஸ்.

"இந்தப் பக்கம் எவ்ளோ உள்ள போவுது, அந்தப் பக்கம் எவ்ளோ போய்ச் சேருதுன்னு கம்ப்யூட்டர் பாத்துக்கினே இருக்கும் சார். பெருசா ஒடஞ்சா உடனே காட்டிக் குடுத்துரும். இது ஊசி முனை மாதிரி ஓட்டையா இருக்கணும். லட்சக்கணக்கான லிட்டர் ஓடுற எடத்துல இது கணக்குலயே வராது."

"எவ்ளோ நாளா ஒழுவுது?"

அன்புசெல்வன் ஜீப்பிலிருந்து ஒரு நீளமான இரும்புக் கம்பியை எடுத்துவந்தான். மண்ணில் குத்தி ஒரு துளை போடுவான், கருவியின் குழலை அதற்குள் விடுவான், பார்ப்பான், தள்ளிப் போவான். குழியிலிருந்து மேற்கே போகப் போகச் சத்தம் குறைந்தது. திரும்பிச் சுவரை நோக்கி வந்தான். உம்மாவின் கபரின் கால்மாட்டில் கம்பியை ஊன்றினான்.

கருவி முன்னைவிட உரக்கக் கத்தியது.

"இது யாரோடதுங்க?"

"எங்க உம்மா."

அன்புசெல்வன் தலையைத் தூக்கவில்லை. கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினான். சின்னத் திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

மழைக்குப் பிறகு கபருஸ்தான் முழுக்கப் புல் முளைத்திருந்தது. உம்மாவின் கபர் மேல் மட்டும் இல்லை. நியாஸ் இதை இப்போதுதான் பார்க்கிறானா? இல்லை, பார்த்திருக்கிறான். வாப்பா வாராவாரம் அங்கே மருதாணிக் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அது கருகிவிடும். வேறு நடுவார். "அவளுக்கு எம்மேல இன்னா கோவம்னு தெரியலடா" என்பார். "உங்க கைராசி அப்டி வாப்பா" என்று இவன் சிரித்திருக்கிறான்.

"வருஷக்கணக்கா இருக்கலாம் சார்" என்றான் அன்புசெல்வன். "லைனை நிறுத்தச் சொல்றேன். இங்க வைக்க வேணாம். பின்னால இந்த மண்ணையெல்லாம் எடுக்க வேண்டியிருக்கும்."

"எது வரைக்கும்?"

அன்புசெல்வன் சுவரைப் பார்த்தான். புதுக் குழியைப் பார்த்தான். கபரைப் பார்க்காமல் கடந்து, "இது வரைக்கும்" என்று மேற்கே ஓரிடத்தைக் காட்டினான்.

"அவங்களையுமா?"

"உங்க பெரியவங்கள கேட்டுத்தான் சார் செய்வோம்" என்றான் அவன்.

முத்தவல்லி ரோட்டோரம் வடமேற்கு மூலையில் ஓர் இடம் காட்டினார். அங்கே துளை போட்டுப் பார்த்தபோது கருவி எதையும் காட்டவில்லை. மஸ்தான் பாய் மறுபடியும் கடப்பாரையைத் தூக்கினார். நியாஸ் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அவரோடு இறங்கினான். மத்தியான லுஹர் தாண்டி, சாயங்கால அஸரும் வந்துவிட்டது. ஜனாஸா தொழுகை முடித்துத் தூக்கிவந்த சந்தூக்குப் பெட்டியோடு ஜனங்கள் பீவி ஜானின் கபர்ப் பக்கமாகக் கிழக்கே திரும்பினார்கள். "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று முத்தவல்லி கை காட்டினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வாடை ரோடு வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

வாப்பாவை இறக்கும்போது நியாஸ்தான் தலைப்பக்கம் பிடித்தான். அக்கம்பக்கத்தில் ஒரு கபரும் இல்லை. மூன்று பிடி மண் போடும்போதும் அவனுக்கு அழுகை வரவில்லை.

வீட்டுக் கொல்லையில் அக்கா சிஃபா வாளியில் தண்ணீரோடு காத்திருந்தாள். நாயுடுப்பேட்டையிலிருந்து மத்தியானம்தான் வந்து முகம் பார்த்தாள். கபருஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. நேரமானதற்கு ஏதோ பைப் தகராறு என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"உம்மா பக்கத்துலதான வெச்சீங்க?"

நியாஸ் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"ஆமா."

அவள் ஊற்றினாள். அவன் சோப்புப் போட்டுத் தேய்த்தான். மறுபடியும் ஊற்றக் குனிந்தவளுக்கு அந்த வாடை எட்டியது; செம்பை அந்தரத்தில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்தாள்.

பிறகு சோப்பை எடுத்து அவன் உள்ளங்கையில் திரும்ப வைத்தாள். செம்பை வாளியில் முக்கினாள்.