சார் நின்ற இடம்

அழகுபாண்டி மரத்தின் தூரில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். “யாருய்யா இது, சீமைக் கருவேலத்துக்குப் போயிச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கறது? ரோட்டு மரம்னு நெனச்சு நம்பர் எழுதிட்டுப் போயிரப் போறாய்ங்க” என்று சொல்லி அவனே சிரித்தான். கரையில் நின்ற வேறு யாரும் சிரிக்கவில்லை. ஜேசிபி ஓட்ட எழுமலையிலிருந்து வந்தவன் அவன். அவனுக்கு எதுவும் தெரியாது. ஊர்க்காரர் வெள்ளைத்துரை மட்டும் குடையை மடக்கிக்கொண்டே, “வாய மூடு மாப்ள” என்றார். அதற்குள் ஜோசபின் தன் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றுவிட்டாள்.

கோச்சடைக்கு மேற்கே, வைகையின் தென்கரையை ஒட்டிய சின்ன ஊர் அது. ஆற்றுத் தெருவில் ஜோசபினின் வீடுதான் இப்போது கடைசி. அதற்கு அப்பால் இருந்த வீடுகளெல்லாம் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒன்றாக ஆற்றுக்குள் இறங்கிவிட்டன. படித்துறையில் மேல் படிகள் மட்டும்தான் மிச்சம். அவையும் கீழே மண் இல்லாமல் அந்தரத்தில் நின்றன. மழை பிடிப்பதற்குள் தடுப்புச் சுவர் எழுப்பிவிட வேண்டும் என்று வேலை அவசரமாக நடந்துகொண்டிருந்தது. அந்தச் சுவரைக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தவர்களில் ஜோசபினும் ஒருத்தி. சுவர் போகிற கோட்டில் மரம் நிற்கிறது என்பது அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் எழுதினாள்.

சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் பேச்சாக இருந்த வருஷத்தில், இந்தக் கரையில் அதை முன்னின்று எடுத்தவர் அவள் கணவர் ஆரோக்கியநாதன். மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர்; அவளும் அங்கேயே டீச்சர். நிலத்தடித் தண்ணீரையெல்லாம் அது உறிஞ்சிவிடுகிறது என்று தெருத் தெருவாகப் போய்ப் பேசினார். வெள்ளைத்துரை தன் டிராக்டரைக் கொண்டுவந்தார். இரண்டு பேருமாக ஆளைத் திரட்டி, கரையின் விளிம்புவரை ஒரு தூர்கூட மிச்சமில்லாமல் பிடுங்கிப் போட்டார்கள். ஆறு கண்ணுக்குத் தெரிகிறது, வீட்டுக்குள் காற்று வருகிறது என்று தெருவே மெச்சியது. கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த வேர்கள்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. அடுத்து வந்த மழை ஏமாற்றியது. அதற்கடுத்ததும் ஏமாற்றியது. பிறகு ஒரு ஐப்பசியில் அணை நிறைந்து, தண்ணீர் இரு கரையும் தொட்டு வந்தது.

அன்று கரைக்கு மண் சாக்கு அடுக்கினார்கள். ஒரு சாக்கின் ஒரு முனையை ஆரோக்கியநாதனும் மறுமுனையை வெள்ளைத்துரையும் பிடித்துத் தூக்கியபோது, ஆரோக்கியநாதன் நின்ற இடம் சத்தமே இல்லாமல் கீழே போயிற்று. வெள்ளைத்துரை கையில் சாக்கு மட்டும் இருந்தது. தடுப்பணை வரைக்கும் தேடினார்கள். தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் வந்து போனார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை.

கோயிலில் பூசை வைத்தார்கள். புதைக்கத்தான் உடல் இல்லை. நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் வந்தது. அவரவர் தங்கள் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, செவ்வந்திப் பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக் காத்திருக்க, சாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். ஜோசபின் கையில் மெழுகுவர்த்தியோடு வந்திருந்தாள். எங்கே நிற்பது என்று தெரியவில்லை. பெனடிக்ட் வீட்டுக் கல்லறை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். அவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள் என்றாலும் அது வேறு யாருடையதோ. வீட்டுக்குத் திரும்பி வந்து கொல்லை வழியாகக் கரைக்குப் போனாள். சரிந்த மண்ணில், அவர் நின்ற இடத்துக்கு நேர் கீழே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கருவேலங்கன்று முளைத்திருந்தது. அவர் இருந்திருந்தால் இரண்டு விரலால் பிடுங்கி எறிந்திருப்பார். ஜோசபின் பிடுங்கவில்லை. மெழுகுவர்த்தியை அதன் பக்கத்தில் ஊன்றினாள்.

அது மரமாயிற்று. வருஷா வருஷம் அவள் அதற்கு வெள்ளையடித்தாள். ஊரில் யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் உச்சிவேளையில் அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் போவதில்லை. ஆற்றில் துவைக்கும் பெண்கள், கரையிலிருந்து ஒரு கட்டி மண் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தால், “சார் எறங்குறாரு” என்பார்கள், குரலைத் தாழ்த்தி. ஜோசபினும் அந்தச் சத்தத்தைக் கேட்பாள். அடுப்பில் எது இருந்தாலும் அணைத்துவிட்டு, கொல்லைக் கதவின் நாதாங்கி விலகும் என்று காத்திருப்பாள். விலகாது என்று தெரியும். காத்திருப்பதற்கும் தெரிவதற்கும் சம்பந்தமில்லை.

சைட் இன்ஜினியர் முத்துக்குமரன் சின்ன வயதுக்காரன், மரியாதை தெரிந்தவன். “மேடம், இந்த எடத்துலதான் அடிமண்ணு கெட்டியில்ல. அஸ்திவாரம் ஆழமாப் போகணும். இப்ப போடலைன்னா அடுத்த தண்ணிக்கு உங்க வீடு மட்டுமில்ல, இந்தத் தெருவே போயிரும்.”

“போடுங்க தம்பி. நானா வேணாங்கறேன்? மிஷின் மட்டும் வேணாம். அந்த ஒரு எடத்தக் கையால தோண்டுங்க.”

அவனுக்குப் புரியவில்லை. வெள்ளைத்துரை தரையைப் பார்த்தபடி சொன்னார்: “அங்கனதான் சாரு போனாரு.”

அழகுபாண்டி பெயின்ட் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தான்.

“மேடம்... ஆத்தோட போனவரு. இம்புட்டு வருஷத்துல...” என்று முத்துக்குமரன் இழுத்தான்.

“ஆத்தோட போனாருன்னு நாமதான சொல்லிக்கிட்டோம். கரை முழுக்க அவரு மேல விழுந்துச்சு. எங்கயுமே கெடைக்கலைன்னா, போகாமலும் இருந்திருக்கலாம்ல?” அவள் குரல் வகுப்பில் பாடம் சொல்வதுபோல இருந்தது. “சிமென்ட்டக் கொட்டிட்டா அப்புறம் கேக்க முடியாது தம்பி.”

முத்துக்குமரன் போனை எடுத்து யாரிடமோ பேசினான். கப்பலூரிலிருந்து ரெடிமிக்ஸ் கான்கிரீட் லாரி மறுநாள் மதியம் வரும், அதுவரை தோண்டிக்கொள்ளுங்கள் என்றான்.

காலையில் மரத்தை அறுத்துச் சாய்த்தார்கள். வேலைக்காரர்கள் நான்கு பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். யாரும் கேட்காமலே வெள்ளைத்துரையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அழகுபாண்டியும் வண்டியை விட்டு இறங்கி வந்தான். “மிஷின்காரன மம்பட்டி வேலை பாக்க வச்சிட்டீங்களே டீச்சர்” என்றான். நேற்றுச் சிரித்ததற்கு அதுதான் அவனுடைய மன்னிப்பு. ஜோசபின் அவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

வேர் போய்க்கொண்டே இருந்தது. கையளவு பருமனில் இறங்கிய ஆணிவேர் பாதியில் கிளை பிரிந்து மணலை அள்ளிப் பிடித்திருந்தது. அதற்குள் மட்கிய சாக்கு நார், ஒரு பிளாஸ்டிக் குடத்தின் கழுத்து, கிளிஞ்சல். ஒரு தடவை மண்வெட்டி எதிலோ தட்டியது. எல்லோரும் நின்றார்கள். வெள்ளைத்துரை குனிந்து விரலால் மண்ணை விலக்கினார். வெளுத்த எலும்பு. அவர் அதைக் கையில் எடுத்து நிமிர்வதற்குள் ஜோசபினுக்கு அவள் கல்யாணம் முதல் எல்லாம் ஒருமுறை வந்து போயிற்று.

“ஆட்டுத் தாடை டீச்சர். பல்லு இருக்கு பாருங்க.”

அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எப்போதோ செத்த அந்த ஆட்டின் மேல் ஆத்திரம்தான் வந்தது.

உச்சிக்கு முன் ஊற்று கண்டது. குழியின் அடியில் தண்ணீர் தெளிவாகக் கசிந்து ஏறியது. தோண்டத் தோண்ட ஓரங்கள் கரைந்து உள்ளே சரிந்தன. வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக மேலே ஏறிவிட்டார்கள். தெருமுனையில் லாரி திரும்புகிற சத்தம் கேட்டது. பின்னால் உருளை சுழன்றுகொண்டிருந்தது.

“மேடம், வந்துருச்சு. ரொம்ப நேரம் நிறுத்த முடியாது, இறுகிரும். இந்தச் சரிவும் தாங்காது.” முத்துக்குமரன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “நீங்க சொல்லுங்க, போட்டுர்றேன்.”

குழிக்குள் வெள்ளைத்துரை நிறுத்தவில்லை. “இன்னொரு ரெண்டடி. ஒரு ரெண்டடிதான்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வெட்டினார். அவர் வெட்டி எறிவதைவிட அதிகமாக ஓரத்திலிருந்து சரிந்து விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“அண்ணே, மேல வாங்க. ஒங்க தலைக்கு மேல சரியுது” என்று அழகுபாண்டி கத்தினான்.

“இன்னும் அடி வரலடா!”

ஜோசபின் அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். மெலிந்து போயிருந்தார். மூச்சு இரைத்தது. இத்தனை வருஷமாகத் தன் வீட்டுக்குள் மட்டும்தான் மண் விழுகிற அந்தச் சத்தம் கேட்கிறது என்று நினைத்திருந்தாள். தான் போதும் என்று சொல்கிறவரை இந்த மனிதர் தோண்டிக்கொண்டேதான் இருப்பார், கரையே வந்து மூடினாலும். போதும் என்று சொல்லிவிட்டால் ஆரோக்கியநாதன் இங்கேயும் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு அவள் குழிக்குள் இறங்கினாள். “டீச்சர், டீச்சர்” என்று மேலே குரல்கள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சியாக. அவள் வெள்ளைத்துரையின் முதுகில் கை வைத்தாள். மண்வெட்டி ஓங்கிய நிலையில் நின்றது.

“அண்ணே” என்றாள். “நீங்க ஏறுங்க. நான் வாரேன்.”

அழகுபாண்டி கையை நீட்டி அவரைத் தூக்கிவிட்டான். மேலே லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. யாரோ தகரத்தைத் தட்டித் தட்டி, வரலாம், வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் நிழல் குழியின் விளிம்பில் விழுந்து உள்ளே இறங்கியது. ஜோசபினின் பாதத்துக்கு அடியில் ஊற்று மணலை மெல்ல அரித்தது. ஓரத்திலிருந்து ஒரு பிடி மணல் நழுவி வந்து அவள் கால்விரல்களின் மேல் உட்கார்ந்தது. இன்னொரு பிடி. விரல்கள் மறைந்தன, பிறகு பாதம். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கலங்கிய தண்ணீர் தெளிந்து அடி தெரியட்டும் என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.