மோட்டார் பெட்டியில் சிம் இல்லை

1

இந்தக் கதை எனக்குக் குழாய்க்கு வாஷர் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. அதுவும் பாதிதான் கிடைத்தது. மீதிப் பாதி பஸ் ஏறிப் போய்விட்டது.

கேரளத்துச் சித்தூருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது நூர்தீன் கடை. குழாய், மோட்டார் சாமான், ஒயர் எல்லாம் கிடைக்கும். நான் போனபோது அங்கே குப்பண்ணன் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தென்னந்தோப்புக்காரர். அவர் மகள் யோகப்பிரியாவும் நூர்தீன் மகள் ஷஹானாவும் பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அந்தப் பிள்ளைகள் இருவரையும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது கொஞ்சம் கூச்சமான விஷயம், பிறகு சொல்கிறேன்.

"நாம போன் போட்டமே, மோட்டாரு ஓடீட்டிருக்கும்னு நெனச்சு நெழல்ல உக்காந்துட்டனுங்க. புள்ள பெட்டிக்குள்ள இருந்த சிம்மக் கழட்டீட்டுப் போயிருக்கறா!" என்றார் குப்பண்ணன்.

"எப்பங்க இது?" என்றேன்.

"அந்த இஸ்கூலு கேம்ப்பு கடைசி நாளுங்க. பதினொன்னேகாலு இருக்கும். அப்பறம் புள்ளையே போன் பண்ணுச்சு. என்ன சொல்லுச்சுன்னா—"

பஸ் வந்துவிட்டது. அவர் சாமானை அள்ளிக்கொண்டு ஓடினார். அன்று பதினொன்றேகாலுக்கு நான் எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கை தட்டிக்கொண்டிருந்தேன்.

2

தொடக்கத்தை நான்கு தடவை எழுதினேன்.

"மே மாதச் சூரியன் தென்னங்கீற்றுகளின் ஊடே மெல்ல—" (மெல்லவாவது! எங்கள் ஊர் மே மாதச் சூரியன் நேராக மண்டையில் இறங்கும்.)

"இன்றைய மாணவர்களும் தொழில்நுட்பமும் என்ற தலைப்பில் நாம்—" (இது கட்டுரைப் போட்டிக்கு ஆகும்.)

"யோகப்பிரியா திருடினாள்." (நறுக்கென்று இருக்கிறது. இரண்டு நாள் இதைக் கட்டிக்கொண்டு அழுதேன். வீட்டுப் பொருளை வீட்டுப் பிள்ளை எடுத்தால் திருட்டு ஆகுமா? அவள் சாயங்காலம் திருப்பி வைக்கத்தான் நினைத்தாள். அடித்துவிட்டேன்.)

"கேம்ப் கடைசி நாள் காலை ஏழு மணிக்கு யோகப்பிரியா மோட்டார் பெட்டியைத் திறந்தாள்."

இது இருக்கட்டும். இதில் நான் சேர்த்தது எதுவும் இல்லை, ஏழு மணியைத் தவிர.

3

கேம்ப் கடைசி நாள் காலை ஏழு மணிக்கு யோகப்பிரியா மோட்டார் பெட்டியைத் திறந்தாள்.

[வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கத்தில் தோட்டத்து மோட்டாருக்கும் ஒரு போன் நம்பர் உண்டு. பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். வீட்டிலிருந்தோ கல்யாண மண்டபத்திலிருந்தோ கூப்பிட்டால் மோட்டார் ஓடும், மறுபடி கூப்பிட்டால் நிற்கும். பெட்டியில் இருக்கும் பட்டனைக் கையால் அமுக்கியும் ஓட்டலாம். ஆனால் அவ்வளவு தூரம் யார் நடப்பது? குப்பண்ணன் ஒரு நாளில் அதிகம் கூப்பிடுவது மோட்டாரைத்தான். அவர் மனைவி மயிலாத்தாளுக்கு இதில் வருத்தம் உண்டு.*]

* இந்த வருத்தம் என் கற்பனை. மயிலாத்தாளை நான் பார்த்ததே இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மின்கருவி செய்யக் கற்றுத்தரும் ஐந்து நாள் கேம்ப். பக்கத்து அரசுப் பள்ளியில் காலை ஒன்பதரை முதல் நாலு வரை. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கருவி செய்ய வேண்டும். மின்சுற்றுப் போர்டு, ஒயர், பொம்மை மோட்டார் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். சிம் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று கேம்பை நடத்திய வனிதா டீச்சர் நாலாம் நாள் சாயங்காலம்தான் சொன்னார். ஒரே ராத்திரியில் புது சிம்முக்கு எங்கே போவது? ஷஹானா வீட்டில் இருப்பது கடைக்கு வேண்டிய சிம். யோகப்பிரியா வீட்டில் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. பகலெல்லாம் சும்மா இருப்பது மோட்டாரின் சிம்தான். அப்பா தண்ணீர் விடுவது சாயங்காலம் ஐந்து மணிக்கு. நாலரைக்குள் வந்து மாட்டிவிடலாம்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். பத்து நாளைக்கு முன்பு வைத்த இருநூறு தென்னங்கன்று தோப்பில் நிற்கிறது. ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் இந்த வெயிலில் சுருண்டுவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? முதல் பிரதியில் அவளை அப்பாவியாக எழுதினேன், சப்பென்று இருந்தது. இரண்டாம் பிரதியில் கள்ளியாக எழுதினேன், எனக்கே கோபம் வந்தது. நான் நேரில் பார்த்த பெண் இரண்டும் இல்லை. அவளுக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கேம்பிலிருந்து ஒரு ஜோடியை மட்டும் எர்ணாகுளத்தில் நடக்கும் பத்து நாள் கேம்புக்கு எடுப்பார்கள். அங்கே போர்டையே நாமே செய்யலாமாம். இதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. அவள் சிம்மைக் கழற்றி, ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டு போனாள்.

4

இப்போது அந்தக் கூச்சமான விஷயம். நான் அங்கே நடுவர்.

பாலக்காட்டிலிருந்து வர வேண்டிய எஞ்சினியர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்று வனிதா டீச்சர் என்னைக் கூப்பிட்டார். டீச்சர், எனக்கு ஃபியூஸ் போடக்கூடத் தெரியாதே என்றேன். "சாரமில்ல, மார்க் இட்டால் மதி" என்றார், பரவாயில்லை, மார்க் போட்டால் போதும் என்று. மார்க் போடுவது யாருக்குத்தான் தெரியாது? போய் உட்கார்ந்துகொண்டேன்.

5

ஷஹானா பேசினாள், யோகப்பிரியா சிம் போட்ட போர்டைப் பிடித்துக்கொண்டாள். மேசைமேல் ஐஸ்கிரீம் டப்பா நிறையக் காய்ந்த மண், அதில் குத்திய இரண்டு கம்பி, ஒரு பொம்மை மோட்டார், ஒரு வாளித் தண்ணீர்.

"இனிமே தோட்டக்காரர் ஒண்ணும் செய்ய வேண்டாம். மண்ணு காஞ்சா மண்ணே மோட்டாரைக் கூப்பிடும்" என்றாள் ஷஹானா.

மண் காய்ந்துதான் கிடந்தது. யாரையும் கூப்பிடவில்லை.

ஷஹானா அதையே மலையாளத்தில் சொன்னாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள். மண்ணுக்கு மூன்று பாஷையும் தெரியவில்லை போல. யோகப்பிரியாவின் உதட்டுக்கு மேல் வியர்த்தது. நேற்று சிம் இல்லாமலே ஓடியதே, நேற்று நாலு தடவை ஓடியதே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. (அவள் மனசுக்குள் நான் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். முகம் அப்படி இருந்தது.)

அப்போது போர்டில் ஒரு சின்ன விளக்கு மின்னியது. மோட்டார் சர்ரென்று சுற்றி, டப்பாவில் தண்ணீர் பீய்ச்சி, பத்து விநாடியில் நின்றது. மண்டபமே கை தட்டியது. நான் எழுந்து நின்று தட்டினேன். மார்க் தாளில் பத்துக்குப் பத்து போட்டேன், மையால்.

யோகப்பிரியா மட்டும் தட்டவில்லை. மின்னியது மண்ணின் விளக்கு இல்லை, போன் வந்தால் மின்னும் விளக்கு. போன் வந்தால் மோட்டார் ஓட வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைத்தவள் அவள்தான். அவளுக்குத் தெரிந்த மோட்டாரெல்லாம் அப்படித்தான் ஓடும். அந்த நம்பருக்குக் கூப்பிடும் ஆளும் உலகத்தில் ஒருவர்தான். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும், நாளைக்குத்தான் வரும் என்று பக்கத்துத் தோட்டத்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அப்பா அவசரமாகக் கூப்பிட்டுவிட்டு, நிழல் தேடி நடந்துகொண்டிருப்பார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லப்பட்ட தோட்டக்காரர்!

நடுவர் வரிசையில் நடுவில் இருந்த சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "கொள்ளாம். ஒண்ணுகூடி காணிக்காமோ?" நன்றாக இருக்கிறதாம், இன்னொரு தரம் காட்ட முடியுமா என்கிறார்.

டப்பாவுக்கு வேறு மண் போடட்டும், ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு தரம் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் வனிதா டீச்சர் என்னை டீ குடிக்கப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்.

6

ஆக, அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பலத்த கை தட்டல் கேட்டது. இது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் கேம்பில் மைக் சரியானதற்கும் தட்டினார்கள்.

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் அப்பாவிடம் உண்மையைச் சொல்கிறாள். அவர் ஓடிப்போய்க் கையால் பட்டனை அமுக்குகிறார். கன்று பிழைக்கிறது. சாரிடமும் சொல்லிவிடுகிறாள். எர்ணாகுளம் போனால் போகட்டும்.

(ஆ) "நீங்க போட்ட போனு விழுகலீங்கப்பா, இன்னொருக்கா போடுங்க" என்று பொய் சொல்கிறாள். அவர் போடுகிறார், மேசைமேல் மோட்டார் ஓடுகிறது. அவர் மறுபடி நிழலுக்குப் போகிறார். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகிறது.

(இ) உண்மையைச் சொல்லிவிட்டு, "பட்டன அமுக்கீட்டு அப்படியே இந்த நம்பருக்கும் ஒருக்கா போடுங்கப்பா" என்கிறாள். கன்றும் பிழைக்கிறது, பொய்யும் பிழைக்கிறது. பொய்க்கு அப்பாவும் கூட்டு.

போன வாரம் அவர் தோப்புப் பக்கம் நடந்தேன். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். இருநூறு கன்றும் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. (ஆ) போயிற்று. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனால் எர்ணாகுளம் பட்டியலில் யோகப்பிரியா, ஷஹானா பெயர்கள் இருக்கின்றன. உண்மை சொன்ன பிள்ளைகளை மெச்சி எடுத்திருக்கலாம், ஓடிய மோட்டாரைப் பார்த்தும் எடுத்திருக்கலாம். கடையில் குப்பண்ணன் சிரித்தாரே, அது எந்தச் சிரிப்பு? மகளை நினைத்துப் பூரித்துப்போன சிரிப்பா, கூட்டுக் களவாணியின் சிரிப்பா?

கேட்டுவிடலாமே என்பீர்கள். மண்டபத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். வனிதா டீச்சர் நம்பர் என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். (இ) என்று ஆகிவிட்டால், நான் மையால் போட்ட பத்து என்ன ஆவது? எங்கள் ஊரில் ஐந்து நாளாக ஒழுங்காக வேலை செய்து, கடைசி நாள் பஸ் பிடித்து வீட்டுக்குப் போன வேறொரு ஜோடிக்கு நான் என்ன சொல்வது? பயந்தாங்கொள்ளி என்று திட்டிக்கொள்ளுங்கள், சரிதான்.

எனக்கு அந்த ஐந்து நிமிஷம் மட்டும் தீராமல் இருக்கிறது. அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

7

"அது எங்கப்பாருடி" என்றாள் யோகப்பிரியா. "மண்ணு ஒண்ணும் கூப்பிடல."

ஷஹானாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. போட்டோ எடுக்க மத்தியானம் வரைக்கும் மட்டும் கடையிலிருந்து வாங்கி வந்திருந்த தன் அத்தா நூர்தீனின் போனை அவள் கையில் திணித்தாள்.

"அப்பச் சரி. இன்னொருக்கா போடச் சொல்லு. ஆருக்குத் தெரியும்?"

"கன்னுக்குத் தண்ணி போகலடி. அவரு போகுதுன்னு நெனச்சுட்டிருக்காரு."

"எனக்கும் எர்ணாகுளம் போகோணும்" என்றாள் ஷஹானா. கண் கலங்கிவிட்டது. அதுவும் நியாயம்தான். மூன்று பாஷையில் பேசியவள் அவள்.

யோகப்பிரியா நம்பரை அழுத்தினாள். சார் டப்பாவில் புது மண்ணைக் கொட்டி, விரலால் தடவி, காய்ந்திருக்கிறது என்று தலையாட்டினார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தைந்து. கரண்ட் போக இன்னும் முப்பத்தைந்து நிமிஷம்.

மூன்றாவது மணியில் குப்பண்ணன் எடுத்தார். "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

"அலோ, ஆருங்க? அம்முணியா! சொல்லு சாமி. கேம்ப்பு முடிஞ்சுதா? நீ கன்ன நெனச்சுக் கவலப்படாத, மோட்டாரு ஜம்முனு ஓடீட்டிருக்குது. அலோ... அலோ?"

அவள் வாயைத் திறந்தாள். நான் அப்போது பக்கத்து அறையில் டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கேதான் நின்றீர்கள், மேசைக்குப் பக்கத்தில். அவள் அப்பாவிடம் என்ன சொன்னாள்?