இருட்டில்லாத ராத்திரி

ஷீராஸில் எங்கள் வீட்டில் கணவர் கதையை எழுதுவார், நான் படம் போடுவேன். அவர் கையெழுத்து அழகுக்குப் பேர் உண்டு, என் படத்துக்கு அதைவிடப் பெரிய பேர். ஊர் சொல்கிறது. சொல்லாவிட்டாலும் நான் சொல்வேன்.

பட்டு வியாபாரி ருக்னுத்தீன், மகள் கல்யாணத்துக்கென்று ஒரு காதல் கதைப் புத்தகம் கேட்டிருந்தார். அதன் கடைசிப் படத்தில், நடு ராத்திரியில் ஒரு பெண் மாளிகைப் படி இறங்கிக் காதலனிடம் போகிறாள். அதற்கே நாலு மாதம் ஆயிற்று. பூனைமுடித் தூரிகையால் இதழ் இதழாக மாதுளம்பூ வைத்து என் கண்ணே பூத்துப்போயிற்று.

மனுஷர் வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, கதையில ராத்திரி. நீ பட்டப்பகலாப் போட்டிருக்கியே?"

"மேல நிலா இருக்கு, அவ கையில மெழுகுவர்த்தி இருக்கு. ராத்திரின்னு தெரியறதுக்கு இன்னும் என்ன வேணும்?"

"ஹோர்முஸ் துறைமுகத்துல பரங்கிக்காரன் படம் பார்த்தேன். பாதி முகம் இருட்டு. அதான் ராத்திரி! கறுப்பு பூசு. இல்லேன்னா வேற பட்டறைக்குக் கொடுத்துடுவேன். உன் படத்து மேலேயே அவங்க பூசட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாபர்வர், கொஞ்சம் பொறு" என்று கணவர் என் காதோரம் முனகினார். எங்கே பொறுப்பது? என் படத்தின்மேல் எவனோ கறுப்பு பூசுவானாம்!

தூரிகையை மையில் தோய்த்து வியாபாரியின் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே பூசுங்க ஐயா. யார் முகத்தை மறைக்கணும்? பொண்ணையா?"

"சேச்சே, அவ தெரியணும்."

"அப்ப பையனையா?"

"அவன் இல்லாம என்ன கதை? மேல ஜன்னல்ல ஒரு கிழவன் இருக்கானே, அவனை மறைச்சிடலாம்."

"அது பொண்ணோட அப்பா. அவர் கண்ணு மூடியிருக்கறது தெரியலேன்னா, இவ எந்தத் தைரியத்துல படி இறங்குவா?"

அவர் குனிந்து அந்த ஜன்னலைப் பார்த்தார். தூரிகை தாளுக்கு மேலேயே நின்றது. மை சொட்டிவிடுமோ என்று என் கணவர் அதன் கீழே உள்ளங்கையை நீட்டினார்.

"என் பொண்ணும் இப்படித்தாம்மா, ராத்திரியில தோட்டத்துக் கதவைத் திறந்துட்டு ஒரு பையனைப் பார்க்கப் போவா" என்றார், தணிந்த குரலில். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனப்பு. கதவுச் சத்தம் எனக்குக் கேக்கும். படுத்தே கிடப்பேன். அந்தப் பையனுக்கேதான் இப்பக் கட்டி வெக்கறேன்."

தூரிகையை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இவன் தூங்கலை. தெரிஞ்சேதான் கண்ணை மூடியிருக்கான். எப்படிம்மா இதைப் போட்டே? கறுப்பெல்லாம் வேண்டாம், அவன் மூஞ்சி நல்லாத் தெரியட்டும்."

நான் தூங்குகிற கிழவனைத்தான் வரைந்திருந்தேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.