ஜாடியில் ஒரு வெளிறிய திட்டு

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு விருது என்ற செய்தி, அவளுக்கே தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அபாண்டம். அவள் அம்மா வாசலில் நின்று போனில் கத்தினால் நான் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

அருங்காட்சியகத்தில் உடைந்ததை ஒட்டுகிற வேலை அவளுக்கு. வீட்டில் 'பசை' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வேலைக்கு வந்து ஐந்து வருஷம் ஆகாதவர்களுக்கென்று ஒரு விருது. இவள் ஒட்டிய பழங்கால ஜாடியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மகிழ்ந்து பூரிக்க வேண்டியவள், விழாவன்று காலையிலிருந்து மாடிக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன சுவரா? போனேன்.

"என்னடி, கால்ல சக்கரமா?"

அழைப்பிதழை நீட்டினாள். 'எது பழசு, எது புதுசு என்று கண்டுபிடிக்கவே முடியாத கைவண்ணம்' என்று அச்சாகியிருந்தது.

"நல்லாத்தானே போட்டிருக்காங்க?"

"அதான் பெரியம்மா தப்பு. கிட்ட வந்து பாத்தா புதுசு தனியாத் தெரியணும். எங்க வேலைல முதல் பாடமே அதுதான். அந்த ஜாடில உள்ளங்கை அகலத்துக்கு ஓடே கிடைக்கல. பிளாஸ்டர் வச்சு அடைச்சேன். அதோட விட்டிருக்கலாம். கொழுப்பு, அலைக்கோடு வேற வரைஞ்சேன். அங்க அலைதான் இருந்துச்சுன்னு யாரு கண்டா?"

உள்ளேயிருந்து அவள் அம்மா வந்தாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. ஊரே கைதட்டுது, இவ தனக்குத்தானே குத்தப்பத்திரிகை வாசிக்கிறா. எவன் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறான்?"

"பாத்துட்டாங்கம்மா. ஆராய்ச்சி பண்றவங்க ஒருத்தங்க நேத்து வந்து, அந்தக் காலத்துல இப்படியும் அலை போட்டிருக்காங்கன்னு படம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. அது என் அலைம்மா!"

"உங்க அதிகாரிகிட்ட சொன்னியா?" என்றேன்.

"சொன்னேன். மாத்தறதும் விடறதும் உன் பொறுப்பு, ஆனா முதல்ல விருதை வாங்கிக்கோ, அப்புறம் மாத்துங்கறார்."

மதியமே கிளம்பிவிட்டாள். துணைக்கு நானும் தொற்றிக்கொண்டேன். துணைதான், வேறென்ன? அருங்காட்சியகத்தின் பின்கட்டில், குச்சியில் பஞ்சைச் சுற்றி ஏதோ திரவத்தில் நனைத்து, ஜாடியின் வயிற்றில் உருட்டினாள். அலை ஒவ்வொன்றாகப் பஞ்சுக்கு வந்தது. பிறகு அந்த இடத்துக்கு மட்டும் ஒரு வெளிறிய சாயம் பூசினாள். கை நிதானமாகத்தான் ஓடியது. கால்தான் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

"இதைப் பாத்தா விருது குடுப்பாங்களாடி?"

"தெரியல பெரியம்மா. கொஞ்சம் பேசாம இருங்களேன்."

இருந்தேன். எனக்கும் அது புது அனுபவம்.

மாலையில் இவளை மேடையேற்றி, ஜாடியை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். ஜாடியின் வயிற்றில் தேமல் மாதிரி ஒரு திட்டு. பாராட்டுரையைப் பாதி வாசித்த நடுவர், ஜாடியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், அப்படியே நின்றார். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஐயா, நீங்க பாத்த கோடு நானா கற்பனைல வரைஞ்சது," என்றாள் இவள், மைக்கில். "அழிச்சிட்டேன்."

நடுவர்கள் தலையோடு தலை முட்டிக் குசுகுசுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். கடைசியில் நடுவர் தொண்டையைச் செருமினார். "நாங்க தேர்வு செஞ்ச வேலை இப்ப மேடைல இல்லம்மா."

விருது, பழந்துணிகளைப் பூச்சி அரிக்காமல் காத்த இன்னொருவருக்குப் போனது. இவள் கீழே இறங்கி வந்து, அவருக்காக நின்றபடியே கைதட்டினாள்.

வீடு திரும்பினோம். வாசலில் அம்மாவின் போன் அடித்தது. அவளுடைய தம்பி.

"இல்லடா, குடுக்கல... அவங்க என்ன பண்ணுவாங்க? கையில வந்ததை மேடையேறி இல்லாம ஆக்கினது இவதான். ஆமாடா, எல்லார் முன்னாடியும்! மைக்குல!"

அது புலம்பலா பெருமையா என்று எனக்கே பிடிபடவில்லை. அடுத்து அவளே நாத்தனாரைக் கூப்பிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.